பிக்கப் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்த எந்த முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசுசு வி-க்ராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகிய இரண்டு பிக்கப் வண்டிகளிலும் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் தனித்தனியாக அசையும் சக்கரங்களும் இருக்கின்றன. பின்பக்கம் ஒரே அச்சும், அதன்மேல் அமர்ந்த பட்டைக் கட்டும் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) இருக்கின்றன. முன்பக்கத்தை உயர்த்துவதற்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் என்பதால் அதில் குழப்பம் குறைவு. பின்பக்கத்துக்கோ ஐந்தாறு வழிகள் உண்டு. ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பழகிய வழியையே சிறந்தது என்று சொல்லி அனுப்புகிறது. வி-க்ராஸ் வைத்திருக்கும் நான் இந்த வழிகளில் மூன்றை என் வண்டியிலேயே செய்து பார்த்தவன். அதனால் என்னிடம் வந்து சேரும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மஹிந்திரா, டாடா பிக்கப் வண்டிகளில் அளவுகள் மாறும் என்றாலும் அடிப்படை இதுவேதான்.

1. வண்டியைத் தூக்கிட்டா அடியில எதுவும் தட்டாதுதானே?

எல்லாம் தட்டாது என்று சொல்ல முடியாது. பட்டைக் கட்டு தாங்கி நிற்பது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும் அதற்கு மேலுள்ளவற்றையும் மட்டுமே. ஆகவே உயர்த்தும்போது மேலே போவது சேசிஸ், எரிபொருள் தொட்டி, படிக்கட்டு, பின் பம்பர் ஆகியவைதான். மேட்டை ஏறி இறங்கும்போது வயிற்றுப் பகுதி உரசுவதும், பள்ளத்திலிருந்து வெளியேறும்போது பின் பம்பர் மண்ணைக் கிளறுவதும் இதனால் குறையும். பின் அச்சும், அதன் நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் குடமும் சக்கரத்தோடு சேர்ந்தவை என்பதால், நீங்கள் நான்கு அங்குலம் உயர்த்தினாலும் அவை ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது.

டிஃபரன்ஷியலுக்கு அடியில் இடைவெளி வேண்டுமென்றால் பெரிய டயர்தான் வழி. அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். எடுத்துக்காட்டாக 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ., 285/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 831 மி.மீ. வித்தியாசம் 55 மி.மீ. என்றாலும் டிஃபரன்ஷியல் உயர்வது 27 மி.மீ. மட்டுமே. பாறை நிறைந்த தோட்டப் பாதையில் குடம் அடிபடுகிறது என்பதற்காகப் பின்பக்கத்தை உயர்த்த வருகிறவர்களிடம் இதை நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. எத்தனை இஞ்ச் வரைக்கும் தூக்கலாம்?

அதை முன்பக்கம்தான் தீர்மானிக்கிறது. முன் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் இணைப்புகள் ஓரளவு சாய்வைத்தான் நெடுநாள் பொறுக்கும். சுமார் 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம் வரை உயர்த்தினால் பெரிய மாற்றங்கள் தேவைப்படுவதில்லை. அதற்கு மேல் போனால் இணைப்பின் ரப்பர் உறை கிழிவதில் தொடங்கிச் செலவு நீளும்.

முன்பக்கம் 50 மி.மீ. என்றால் பின்பக்கமும் அதே அளவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாரம் ஏறும்போது பின்பக்கம் இறங்கும் என்பதால் நிறுவனமே காலி வண்டியின் பின்பக்கத்தைச் சற்று உயரமாக வைத்துத்தான் அனுப்புகிறது. ஆகவே பாரம் ஏற்றாதவர்களுக்கு 25 முதல் 40 மி.மீ. போதும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர்க் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். சக்கர மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் அளந்து ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பின்னால் பலமுறை தேவைப்படும்.

3. பின்பக்கம் தூக்க மொத்தம் என்னென்ன வழி இருக்கு?

அச்சுக்கும் பட்டைக் கட்டுக்கும் இடையில் பிளாக் எனும் உலோகக் கட்டை வைப்பது, பட்டையின் பின்முனையைத் தாங்கும் ஷாக்கிளை நீளமாக்குவது, கட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது, பழைய பட்டைகளையே மறுபடி வளைத்துக் கேம்பர் (வில் வளைவு) ஏற்றுவது, முழுக் கட்டையும் புதிதாக மாற்றுவது என்பவை பரவலான வழிகள். காற்றுப் பையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் உண்டு. அது ஏன் சரியில்லை என்பதைப் பதினொன்றாம் கேள்வியில் பார்க்கலாம். கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையில் கட்டைகள் வைத்து உடலை மட்டும் தூக்குவது சஸ்பென்ஷன் வேலையே அல்ல என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

4. இதுல எனக்கு எது சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

உயரத்திலிருந்து தொடங்காதீர்கள், உங்கள் வண்டியின் பின்னால் வழக்கமாக எத்தனை கிலோ ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பட்டைக் கட்டு அடிப்படையில் பாரம் தாங்கும் பொருள். அது எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது அதன்மேல் இருக்கும் பாரத்தைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரோடு மலைப்பாதைக்குப் போகும் வண்டிக்கும், வாரம் ஆறு நாள் தேங்காய் ஏற்றும் வண்டிக்கும் ஒரே வழியைச் சொல்லும் பட்டறை, வண்டியைப் பார்த்ததே தவிர அதன் வேலையைப் பார்க்கவில்லை.

நான் எல்லோரையும் செய்யச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்க அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அச்சுக்கு நேர் மேலே எட்டு மூட்டை சிமெண்ட் அடுக்குங்கள். ஒரு மூட்டை 50 கிலோ என்பதால் கணக்கு 400 கிலோ என்று துல்லியமாக வரும். வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்தி மறுபடி அளங்கள். நிறுவனப் பட்டைகள் இருந்தபோது என் வண்டி ஏறத்தாழ 55 மி.மீ. இறங்கியது. இந்த அளவு தெரிந்துவிட்டால், நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்துக்கு வண்டி எவ்வளவு இறங்கும் என்பதைச் சுமாராகக் கணக்கிட்டுவிடலாம்.

வண்டி பெரும்பாலும் காலியாகவே ஓடுகிறது, பட்டைகளும் நல்ல நிலையில் இருக்கின்றன என்றால், பட்டையின் விறைப்பை மாற்றாமல் உயரத்தை மட்டும் தரும் வழி வேண்டும்; அது பிளாக். மேற்கூடு, தண்ணீர்த் தொட்டி, கருவிப்பெட்டி என்று எப்போதும் இறங்காத பாரம் பின்னால் இருக்கிறது என்றால் பட்டையே மாற வேண்டும். பாரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் முடிவெடுப்பது கடினம். அதற்குப் பத்தாம் கேள்வியில் விடை சொல்ல முயன்றிருக்கிறேன்.

5. பிளாக் வைக்கறது ஆபத்துன்னு சொல்றாங்களே, உண்மையா?

முன் அச்சில் ஆபத்து, அங்கே எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. பின் அச்சில், வி-க்ராஸ், ஹைலக்ஸ் போலப் பட்டைக் கட்டு அச்சுக்கு மேலே அமர்ந்திருக்கும் வண்டியில், ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரையிலான ஒற்றை பிளாக் ஒழுங்காகப் பொருத்தப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. காலி வண்டியின் சவாரி கெடாமல் உயரம் கொடுப்பது இதன் தனிச்சிறப்பு. பட்டையைத் தொடவே இல்லை என்பதால் வண்டி முன்பு எவ்வளவு மெதுவாகக் குலுங்கியதோ அவ்வளவே குலுங்கும்.

கெடுதல் வருவது மூன்று வழிகளில். முதலாவது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாக்குகளை அடுக்குவது; அதை நியாயப்படுத்த எந்தக் காரணமும் இல்லை. இரண்டாவது, மையக் குமிழ் பொருந்தாத பிளாக். பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை அச்சின் மேடையிலுள்ள குழியில் உட்கார்ந்துதான் அச்சு இடம்பெயராமல் இருக்கிறது. பிளாக்கின் மேல்பக்கக் குழி அந்தத் தலையையும், கீழ்ப்பக்கக் குமிழ் அச்சின் குழியையும் ஆட்டமில்லாமல் பிடிக்க வேண்டும். ஒரு வண்டியில் கழற்றிய பிளாக்கை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். குமிழைச் சுற்றி அரை வட்டமாக இரும்பு கண்ணாடி போலப் பளபளத்தது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு முடுக்கத்துக்கும் அச்சு அங்கே மயிரிழை அசைந்து தேய்த்திருக்கிறது என்பதுதான் அந்தப் பளபளப்பின் பொருள்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய உயரம். சக்கரம் திரும்பும் விசை அச்சை எதிர்த்திசையில் முறுக்கப் பார்க்கும். அந்த முறுக்கைப் பட்டைகள்தான் தாங்குகின்றன. பிளாக் உயர உயர அச்சு பட்டையிலிருந்து விலகிப்போய் நெம்புகோல் போல வேலை செய்து, பட்டையை எஸ் வடிவில் நெளிக்கும். வழுக்கும் ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது பின்பக்கம் தடதடவென்று துள்ளினால் அதுதான் காரணம். இரண்டு அங்குலத்துக்கு மேல் பிளாக்கால் உயர்த்த வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

6. பழைய யு-போல்ட் நல்லாத்தானே இருக்கு, அதையே போட்டா என்ன?

போடாதீர்கள். யு-போல்ட் இறுக்கப்படும்போது சற்றே நீண்டு, அந்த இழுவிசையால்தான் அச்சையும் பட்டையையும் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை நீண்டு மரைகள் வடிவம் மாறியதை மறுபடி இறுக்கினால் முறுக்கு அளவு (டார்க்) சரியாகக் காட்டும், பிடிமானம் மட்டும் இருக்காது. எந்த வழியில் உயர்த்தினாலும் புதிய யு-போல்ட், புதிய நட்டு. பிளாக் வைத்தால் பிளாக்கின் உயரத்துக்கு ஏற்ப நீளமானவை.

என் முதல் பிளாக் வேலையை ஒரு பட்டறை பழைய நட்டுகளைக் கொண்டே முடித்துக் கொடுத்தது, நானும் கவனிக்கவில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய பிறகு அடிவாரத்தில் குனிந்து பார்த்தபோது இடப்பக்க நட்டுகளில் இரண்டைக் கையால் திருப்ப முடிந்தது. அன்று தொடங்கி, நட்டுகளை முதல் 100 கிலோமீட்டரிலும் பிறகு 500 கிலோமீட்டரிலும் மறுபடி இறுக்காமல் எந்த வண்டியையும் மலைக்கு அனுப்புவதில்லை. இறுக்கும்போது நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில், சிறிது சிறிதாக, உங்கள் வண்டிக்கான முறுக்கு அளவில் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் அடித்து முடிப்பது இந்த இடத்துக்கு உரிய வேலை அல்ல.

7. நீளமான ஷாக்கிள் போட்டா செலவு கம்மியாச்சே, அது போதாதா?

ஷாக்கிள் என்பது பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஊஞ்சல். அதன் நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும். பட்டையின் முன்முனை அசையாமல் நிற்க, பின்முனை மட்டும் இறங்குவதால் அச்சு இருக்கும் நடுப்பகுதிக்குப் பாதிதான் வந்து சேர்கிறது.

செலவு குறைவுதான். ஆனால் பின்முனை இறங்குவதோடு பட்டை முழுவதும் சாய்கிறது; அச்சும் கூடவே சாய்ந்து, ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியலின் மூக்கு மேல் நோக்கித் திரும்புகிறது. அதன் விளைவைப் பதினான்காம் கேள்வியில் காண்க. மேலும் நீண்ட ஷாக்கிள் பக்கவாட்டில் ஆடும்; வேகமாக வளையும்போது பின்பக்கம் தாமதமாகப் பின்தொடர்வது போன்ற ஓர் உணர்வு வரும். அரை முதல் ஒரு அங்குலம் வரை சிறு திருத்தம் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன். வாங்கினால் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் குறுக்குக் கம்பி பற்றவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

8. ஒரே ஒரு பட்டை மட்டும் சேர்த்துப் போடலாமா?

போடலாம். பாரம் ஏற்றும் பழக்கமுள்ள, பட்டைகள் இன்னும் தளராத வண்டிக்கு இது நியாயமான நடுவழி. உயரமும் கிடைக்கும், விறைப்பும் கூடும். எவ்வளவு கூடும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்திலும் தடிமனின் மும்மடிப் பெருக்கத்திலும் ஏறுகிறது. 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. பட்டை வைத்தால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். கிடங்கில் கிடந்த லாரிப் பட்டையை அறுத்துச் சேர்த்த வண்டி, காலியாகப் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பை உலுக்குவதற்கு இதுவே காரணம்.

சேர்க்கும் பட்டை நீளமாக, முதன்மைப் பட்டைக்கு அடுத்து அல்லது அதற்கும் கீழே, மற்றவற்றின் நீள வரிசை கெடாமல் அமர வேண்டும். குட்டையான, அதிகமாக வளைந்த பட்டையை அடியில் திணித்தால் உயரம் உடனே கிடைக்கும். ஆனால் அதன் நுனி முட்டும் இடத்தில் மேல் பட்டை திரும்பத் திரும்ப மடிந்து, ஒருநாள் அங்கேயே முறியும். வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கட்டின் பட்டைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு இருக்கின்றன. இருபுறமும் கிளாம்ப் போட்டு இறுக்காமல் சென்டர் போல்ட்டைக் கழற்றினால் அவை தெறித்து விரியும். கை விரல்கள் அங்கே இருக்கக் கூடாது.

9. லாரிப் பட்டறையில குடுத்து பழைய பட்டையையே வளைச்சு கேம்பர் ஏத்திக்கலாமா?

நாமக்கல், சேலம் பக்கம் தலைமுறைகளாக லாரிப் பட்டைகளை நிமிர்த்தி வளைக்கும் கைகள் இருக்கின்றன; அவர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. குளிர்ந்த நிலையிலேயே அழுத்தியோ அடித்தோ, ஒவ்வொரு பட்டையாக, சிறிது சிறிதாக வளைப்பது சரியான முறை. வெல்டிங் கேஸால் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். மறுபடி முறையாகப் பதப்படுத்தாவிட்டால் அது வெறும் இரும்புத் தகடு. முதல் பாரத்திலேயே இறங்கும் அல்லது முறியும்.

சரியாகவே வளைத்தாலும் களைத்துப்போன எஃகு களைத்த எஃகுதான். ஓரிரு ஆண்டுகளில் மறுபடி இறங்கக்கூடும். பணம் சேரும் வரை ஓட்டுவதற்கு நல்லது.

10. முழு செட் புதுசா வாங்கினா எந்த லோடுக்கு வாங்கறது? பெருசா வாங்கினா நல்லதுதானே?

அதிகம் வருந்துகிறவர்கள் இந்தக் கேள்வியில் பிழை செய்தவர்கள்தான். பட்டைக் கட்டு விற்கும் நல்ல நிறுவனங்கள் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று வகை வைத்திருக்கும்: காலி வண்டிக்கு ஒன்று, எப்போதும் 300 கிலோ இருக்கும் வண்டிக்கு ஒன்று, 500 கிலோவுக்கு ஒன்று என்பது போல. 300 கிலோ என்று எழுதியிருந்தால் அது தாங்கும் உச்சவரம்பு அல்ல. பின்னால் நிரந்தரமாக 300 கிலோ இருக்கும்போதுதான் அந்தக் கட்டு சொன்ன உயரத்தில் நிற்கும், சொன்ன மென்மையோடு வேலை செய்யும் என்று பொருள். 500 கிலோக் கட்டைக் காலி வண்டியில் மாட்டினால் பின்பக்கம் வேண்டியதைவிட உயர்ந்து நிற்கும், ஷாக்கிள் நேர்க்குத்தாக நின்று அசைய மறுக்கும், ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் தரையை விட்டுத் துள்ளும்.

நான்காம் கேள்வியில் சொன்ன சோதனைக்குப் பிறகு உங்கள் நிரந்தர பாரத்தை எடைமேடையில் உறுதிசெய்யுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 200 லிட்டர் பீப்பாய் நிறைந்திருந்தால் 200 கிலோ. பாரம் ஏறி இறங்கும் வண்டிக்கு, வாரத்தின் பெரும்பான்மை நாட்கள் இருக்கும் பாரத்துக்கு உரிய கட்டை வாங்குங்கள். பேரெடை ஏறும் நாளில் மட்டும் வேலை செய்யத் தொடங்கும் துணைப் பட்டை அடியில் தனியாக உள்ள கட்டு கிடைத்தால் அது இன்னும் நல்லது.

எந்தக் கட்டு மாட்டினாலும் பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடை வரம்பு மாறுவதில்லை. பிரேக், அச்சு, பேரிங், டயர் எல்லாம் பழைய கணக்கில்தான் இருக்கின்றன.

11. காத்துப் பை வெச்சா வேணும்போது ஏத்தி, வேணாதப்ப இறக்கிக்கலாமே?

பாரம் ஏறியபோது தாழ்ந்த பின்பக்கத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரத்தான் காற்றுப் பை செய்யப்பட்டது; காலி வண்டியை உயர்த்துவதற்கு அல்ல. பட்டைக் கட்டு சேசிஸை இரண்டு முனைகளில், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, தாங்குகிறது. காற்றுப் பையோ அச்சுக்கு மேலே ஒரே புள்ளியில் முட்டுகிறது. பையில் காற்று அதிகமாகி, பின்னால் பாரம் அச்சுக்கும் பின்னே தொங்கி, சாலையும் குண்டும் குழியுமாக இருந்தால், அந்த ஒரு புள்ளியைச் சுற்றிச் சேசிஸே வளையும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண்சாலைகளில் பிக்கப் வண்டிகள் கேபினுக்குப் பின்னால் முறிந்து வளைந்ததற்கு இது அடிக்கடி சொல்லப்படும் காரணம்.

எப்போதோ ஒருமுறை பாரம் ஏற்றுகிறவர்கள், குறைந்த அழுத்தத்தில், பாரத்தை அச்சுக்கு முன்னே வைத்துப் பயன்படுத்தினால் தவறில்லை. தளர்ந்த பட்டையை மறைப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

12. ஷாக் அப்சார்பரையும் மாத்தணுமா?

பெரும்பாலும் மாற்ற வேண்டும். வண்டி உயர்ந்த அளவுக்குப் பழைய ஷாக் நின்ற நிலையிலேயே நீண்டுவிடுகிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதற்கு மேலும் நீள இடமில்லாமல் ஷாக்கே அச்சைப் பிடித்து நிறுத்தும் கயிறாகிவிடும். அதன் உள் வால்வும் மேல் மவுண்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 25 மி.மீ. வரை பழையது சமாளிக்கும். அதற்கு மேல் உயரத்துக்கு ஏற்ற நீளமுள்ள ஷாக் தேவை. விறைத்த பட்டைக்கு விறைத்த வால்வும் தேவை.

பிளாக் வைத்தவர்கள் கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அச்சு மேலே வந்து முட்டும் ரப்பர்க் கட்டைக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி, பிளாக்கின் உயரத்துக்குக் கூடிவிட்டது. பட்டை தனக்குரிய எல்லையைத் தாண்டி எதிர்ப்புறமாக வளையாமல் இருக்க அந்த ரப்பர்க் கட்டையையும் அதே அளவு இறக்க வேண்டும். புதிய பட்டைக் கட்டு மாட்டியவர்களுக்கு இது தேவையில்லை. பிரேக் ஹோஸ், கைப்பிரேக் கேபிள், டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய் ஆகிய மூன்றும் சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஜாக்கில் தூக்கிப் பாருங்கள்.

13. தூக்கினதுக்கு அப்புறம் பிரேக் முன்ன மாதிரி பிடிக்கல, ஏன்?

பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையில் ஒரு மெல்லிய கம்பி ஓடி, ஒரு வால்வில் முடியும். பின்னால் பாரம் ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக உயர்ந்து நின்றால் சக்கரம் பூட்டி வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் சேசிஸை உயர்த்தியதும், பாரம் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்கிறது. பின் பிரேக் சோம்பிவிடுகிறது. சுமை முழுவதும் முன் பிரேக்கின் தலையில் விழுகிறது.

உயர்த்திய அளவுக்கே கம்பியின் தாங்கியை நகர்த்தினால் சரியாகிவிடும்; அரை மணி நேர வேலை. பின் பிரேக் அழுத்தத்தை மின்னணு முறையில் பிரிக்கும் புதிய வண்டிகளில் இந்தக் கம்பியே இருக்காது. உங்களுடையது எந்த வகை என்பதை வண்டிக்கடியில் படுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதைக் கேட்காமலே உயர்த்தித் தரும் பட்டறையிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

14. கிளம்பும்போது ஒரு உதறல், 70ல போனா ஒரு அதிர்வு. என்ன பண்றது?

இரண்டுக்கும் காரணம், பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம்தான், ஆனால் இடம் வேறு. இந்த வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டுகளாக, நடுவில் சென்டர் பேரிங்கில் தொங்குகிறது. சேசிஸ் உயர்ந்ததும் முன் துண்டு அப்படியே இருக்க, பின் துண்டு மட்டும் செங்குத்தாகச் சரிகிறது. கிளம்பும்போது வரும் உதறலுக்கு நடு இணைப்பில் கூடிய இந்த மடிப்பே காரணம். சென்டர் பேரிங்கின் தாங்கிக்கும் சேசிஸுக்கும் இடையில் 10 முதல் 15 மி.மீ. தடிமனுள்ள வாஷர்கள் வைத்து அதைச் சற்றே இறக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

வேகத்தில் வரும் அதிர்வு வேறு. கிராஸ் எனப்படும் இணைப்புகள் இரண்டும் சம கோணத்தில் மடிந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுசெய்யும். ஏழாம் கேள்வியில் சொன்ன நீள ஷாக்கிள் டிஃபரன்ஷியலின் மூக்கைத் திருப்பும்போது இந்தச் சமன் குலைகிறது. சரியான அளவு சரிவுள்ள ஆப்புத் தகட்டைப் பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் வைத்து மூக்கைப் பழைய கோணத்துக்குத் திருப்பலாம். தடித்த பக்கம் முன்னா பின்னா என்பதைக் கோணமானி வைத்து அளந்தே தீர்மானிக்க வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் பிழை இரட்டிப்பாகும். அதிர்வோடு பல மாதம் ஓட்டினால் கிராஸும் கியர்பாக்ஸின் பின் சீலும் போகும்.

15. ஜிப்சியில பட்டையைத் தூக்கி அச்சுக்கு மேல வைக்கறாங்களே, நம்ம வண்டியில முடியாதா?

மாருதி ஜிப்சியில் பட்டைக் கட்டு அச்சுக்குக் கீழே தொங்கும்படி நிறுவனம் அமைத்திருந்தது. அதை மேலே மாற்றினால் அச்சுக் குழாயின் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி உயரும். வி-க்ராஸ், ஹைலக்ஸ் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பட்டை ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது என்பதால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

16. பிளாக் ஒண்ணு, ஷாக்கிள் ஒண்ணுன்னு ரெண்டையும் சேர்த்தா மூணு இஞ்ச் வராதா?

வரும். ஐந்தாம் கேள்வியில் சொன்ன முறுக்கு, ஏழில் சொன்ன ஆட்டம், பதினான்கில் சொன்ன கோணக் குலைவு ஆகிய மூன்றும் கூடவே வரும். மூன்று அங்குலம் உண்மையிலேயே தேவைப்படுகிறது என்றால் அதற்கென்றே வளைக்கப்பட்ட முழுக் கட்டு வாங்குவதுதான் முறை. புதிய கட்டோடு அரை அங்குலத் திருத்தத்துக்காக மட்டும் ஷாக்கிளைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை.

17. ஆர்டிஓ பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இதை மறைத்து யாரையும் உயர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. தேய்ந்த பட்டைக்குப் பதிலாகப் போடும், அதே அளவு உயரம் தரும் மாற்றுப் பட்டையும், நான்கு அங்குல மாற்றமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் பெற்ற பிறகே பணத்தைச் செலவிடுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் முதலில் குனிந்து பார்ப்பது சக்கரத்துக்கு உட்புறத்தைத்தான்.

18. வேலை முடிஞ்சு வண்டியை எடுக்கும்போது நான் என்னத்தைப் பார்க்கணும்?

முதலில், ஷாக்கிள் போல்ட்களும் முன்முனை போல்ட்டும் எப்போது இறுக்கப்பட்டன என்று கேளுங்கள். வண்டி ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கியிருந்தால், கீழே இறக்கியதும் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டியின் எடை பட்டைமேல் இருக்கும்போதுதான் இறுதி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

பிறகு ஒரு டேப் வாங்கி, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இருபுறமும் அளங்கள். வேலைக்கு முன் இருந்ததைவிட இருபக்க அளவுகளுக்கு இடையே புதிதாக வித்தியாசம் தெரிந்தால், அச்சு ஒருபக்கம் குழியில் சரியாக உட்காரவில்லை. இரண்டாம் கேள்வியில் சொன்ன தாளை எடுத்து நான்கு உயரங்களையும் ஒப்பிடுங்கள். காலியான ஒரு சாலையில் மெதுவாகவும் பிறகு அழுத்தியும் பிரேக் போட்டுப் பாருங்கள். இரவில் ஒரு சுவரின் முன் நிறுத்தி முகப்பு விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். முன்பக்கமும் உயர்ந்திருந்தால் எதிரே வருகிறவரின் கண்ணில்தான் விழும், அதை இறக்கிச் சரிசெய்ய வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு-போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்க அதே பட்டறைக்குத் திரும்ப வருவதாக, நாளைக் குறித்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.